அத்தியாயம் 6: தனியாக உட்காருவதற்கு முன் ஒரு வருடம்

பி.டி.எஸ். முடித்த கையோடு வீட்டாரும் நண்பர்களும் கேட்பது, "எம்.டி.எஸ்.ல எந்த பிராஞ்ச்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்களுக்கு இந்நூலின் மற்ற அத்தியாயங்கள் உதவும். இந்த அத்தியாயம் வேறு ஆட்களுக்கு. ஓர் ஊரில் உட்கார்ந்து, குழந்தையின் சொத்தைப் பல்லிலிருந்து பாட்டியின் பல்செட் வரை எல்லாவற்றையும் பார்க்க விரும்பும் பொதுப் பல் மருத்துவர், பட்டம் வாங்கியபின் எங்கே, யாரிடம், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே பேசுவோம்.

நம் நாட்டில் இதற்கென்று போடப்பட்ட பாதை இல்லை. நான்கு ஆண்டுப் படிப்பு, சி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி, அதன்பின் வேண்டுமானால் மூன்றாண்டு எம்.டி.எஸ். எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள் உண்டு. செயற்கைப் பல், ஈறு, முக அறுவை, வேர் சிகிச்சை, பல்சீரமைப்பு, குழந்தைப் பல், நோய்க்குறியியல், வாய் மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்று ஒன்பதுக்கும் பெயர் இருக்கிறது. பொதுப் பல் மருத்துவத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் எம்.டி.எஸ். கிடைக்காதவர் செய்யும் வேலை அது என்ற எண்ணம் கல்லூரி வளாகத்திலேயே முளைத்துவிடுகிறது. அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். பக்கத்து அறையில் நிபுணர் இல்லாத இடத்தில் ஒன்பது பிரிவின் முதல் பாதி வேலையும் உங்கள் தலையில்தான் விழும். அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவில் இதை ஒழுங்காகவே அமைத்திருக்கிறார்கள். ஜி.பி.ஆர். என்ற மருத்துவமனை சார்ந்த ஓராண்டு ரெசிடென்சி ஒன்று; ஏ.ஈ.ஜி.டி. என்ற, கிளினிக்கை மையமாகக் கொண்ட ரெசிடென்சி இன்னொன்று. இரண்டையும் கோடா என்ற அமைப்பு அங்கீகரிக்கிறது. நியூயார்க் மாநிலம் 2007 முதல், உரிமம் பெறச் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக ரெசிடென்சியையே கேட்கிறது. பிரிட்டனில் பட்டம் பெற்றவர் ஓராண்டு ஃபவுண்டேஷன் பயிற்சியில் ஒரு மூத்தவரின் கண்பார்வையில் வேலை செய்கிறார். இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. நீங்கள் செய்த வேலையைப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. மயக்க மருந்துத் துறை, அவசர சிகிச்சை, பொது மருத்துவம் ஆகியவற்றில் சில வாரங்கள் நின்று பழகும் வாய்ப்பு உண்டு. இந்த மூன்றும் கிடைக்கும்படி ஒரு வருடத்தை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் நடுவட்டத்தை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஊட்டியிலிருந்து பைக்காரா தாண்டி, கூடலூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலைமாட்டில் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது நடுவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேரியாவுக்கான கொயினா மருந்துக்காக இங்கே சிங்கோனா பயிரிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பிறகு தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தர, கூடலூர், பந்தலூர் பக்கம் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டேண்டீ. மேலே புல்வெளியில் தோடர் மந்துகள். கூடலூர் இறக்கத்தில் பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யார் வருவார்கள்? கொழுந்து பறிக்கிற அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். "இன்னிக்கே முடிச்சு விட்டுருங்க டாக்டர், இன்னொரு தடவ வரமுடியாது" என்பார். வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டு வாய் திறக்க முடியாமல் ஆனவர் வருவார். முகம் வீங்கிய பிறகே பிள்ளையைத் தூக்கி வருவார்கள். காட்டெருமை முட்டித் தாடை உடைந்தவரும் கரடி கீறியவரும் எப்போதாவது வருவார்கள். அந்த நேரம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், கரண்ட் போயிருக்கும், பாதையில் மண் சரிந்திருக்கும். ஊட்டிக்கு அனுப்பலாம் என்ற பதில் எல்லா நாளும் கைகொடுக்காது. இந்த நாற்காலியில் உட்காரத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, பதில் "இல்லை" என்று வரும் இடங்களை எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பயிற்சி ஆண்டின் பாடத்திட்டம்.

சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டை வீணாக்காதீர்கள்

அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாதம் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப் பணிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பலர் இந்த மூன்று மாதத்தை எம்.டி.எஸ். நீட்டுக்குப் படிக்கும் விடுமுறையாக நினைக்கிறார்கள். முகாமுக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்து பெயர், வயது எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் பிரிவு எப்படி ஓடுகிறது, பொருள் தீர்ந்தால் இண்டெண்ட் எப்படிப் போடுவது, பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. குழு யாரை எங்கே அனுப்புகிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற அக்காக்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் விவரம் எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் வேறெங்கும் கற்க முடியாது. அறுவைப் பிரிவில் இருக்கும் ஒன்றரை மாதத்தில், கூட்டமாக நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் மாலையில் வார்டுக்கும் போங்கள். வார்டில்தான் நோயாளியின் மற்ற உடம்பு இருக்கிறது.

எங்கே சேருவது

பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சிக்கு இந்தியாவில் மிக நெருக்கமான வேலை, டெல்லி எய்ம்ஸ் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகள் எடுக்கும் நான்-அகாடமிக் ஜூனியர் ரெசிடென்ட் பதவி. பி.டி.எஸ். போதும். பதவிக்காலம் பெரும்பாலும் ஆறு மாதம். பட்டம் எதுவும் தர மாட்டார்கள். ஆனால் பெரிய மருத்துவமனையின் கூட்டமும் இரவுப் பணியும் மூத்தவர்களின் திருத்தமும் கிடைக்கும். நியமனம் குறுகிய காலத்துக்கு என்பதால் அறிவிப்பும் திடீரென்று வரும்; அந்த நிறுவனங்களின் அறிவிப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொரு வழி கண்முன்னே இருக்கிறது. குன்னூர் வெலிங்டனில் ராணுவத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். 1941இல் தொடங்கிய ராணுவப் பல் மருத்துவப் படை, பி.டி.எஸ். முடித்தவர்களைக் குறுகிய காலப் பணியில் எடுக்கிறது. எம்.டி.எஸ். நீட் மதிப்பெண் அதற்கும் தேவை. ஒழுங்கும் உபகரணமும் உறுதியாகக் கிடைக்கும். ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழிக்குத்தான் பெரும்பாலோர் போகிறார்கள்: தனியார் கிளினிக்கில் உதவி மருத்துவர் வேலை. இதில்தான் ஏமாற்றமும் அதிகம். ஒரு வருடம் முழுக்க ஸ்கேலிங் மட்டும் செய்தவர்களையும், ரிசப்ஷனில் உட்கார்ந்து பேக்கேஜ் விற்றவர்களையும் எனக்குத் தெரியும். சேருவதற்கு முன் சீனியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: நான் செய்யும் வேர் சிகிச்சையின் எக்ஸ்-ரேயை நீங்கள் பார்ப்பீர்களா? முதல் மாதத்தில் எந்தப் பல்லை என்னிடம் விடுவீர்கள், ஆறாவது மாதத்தில் எதை விடுவீர்கள்? நான் எடுக்கும்போது பல் உடைந்தால் நீங்கள் கட்டடத்தில் இருப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "போன் பண்ணு, சொல்றேன்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். சம்பளத்தில் சில ஆயிரம் குறைந்தாலும் பக்கத்தில் நிற்கிற சீனியரைத் தேர்ந்தெடுங்கள்.

மருத்துவத் துறைகளில் நின்று பழகுவதற்கு இன்று ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் மருத்துவருக்கென்று அங்கே ரெசிடென்சி இருக்கிறதா என்று தேட வேண்டாம். மயக்க மருந்துத் துறையிலும் அவசரப் பிரிவிலும் சில வாரம் பார்வையாளராக நிற்க எழுத்து மூலம் அனுமதி கேட்டுப் பாருங்கள். ரத்தக்குழாயில் ஊசி போடுவது, ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரியாகப் பிடிப்பது, மயங்கியவரின் மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அந்த வாரங்கள் பலித்துவிட்டன. அனாஃபிலாக்ஸிஸ் வந்த பெரியவருக்குத் தொடைச் சதையில் போட வேண்டியது ஆயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் அரை மில்லி. புத்தகத்தைத் திறக்காமல் இது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

முதலில் பல் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மலை ஊரில் உங்கள் பெயர் நிலைப்பதும் கெடுவதும் பல் எடுப்பதில்தான். தலைப்பகுதி உடைந்து, வேர் மட்டும் தாடைக்குள் நிற்கும் கடைவாய்ப்பல்லை ஈறு திறந்து, வேர்களைப் பிரித்து, அமைதியாக எடுக்கத் தெரிய வேண்டும். இதைப் பயிற்சி ஆண்டில் சீனியர் பக்கத்தில் நிற்க ஐம்பது முறையாவது செய்திருங்கள். ஐம்பது என்பது என் கணக்கு. உங்கள் கை நடுங்காமல் இருக்க அதிகம் தேவையென்றால் அதிகம் செய்யுங்கள்.

பல் சீழ் தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் பரவி மூச்சை அடைக்கும் லுட்விக் ஆஞ்சைனாவை ஒருமுறையாவது வார்டில் பார்த்திருக்க வேண்டும். வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கி நிற்பது, குரல் மாறுவது ஆகியவற்றில் ஏதாவது கண்டால் நேரத்தைக் கடத்தாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து "நாளைக்கு வாங்க" என்று சொல்லக் கூடாத வீக்கம் இது. மழைக்காலத்தில் முடிவை இன்னும் சீக்கிரம் எடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வரும் வீக்கத்தை இரவுக்குள் மலை இறக்கவோ ஏற்றவோ முடியுமா என்பதும் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதி.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரிடம் சாதாரணப் பல் எடுப்பதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அழுத்திப் பிடித்து, தையல் போட்டு ரத்தத்தை நிறுத்தலாம். ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப் போடுங்கள். சர்க்கரைக்காரரிடம் காலையில் சாப்பிட்டாரா என்று கேட்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

அரிவாள் அணு ரத்தசோகை

சமவெளியில் படித்தவர்கள் புத்தகத்தில் மட்டும் பார்த்த இந்த நோயை நீலகிரியில் நேரில் பார்ப்பீர்கள். இந்தியாவில் அரிவாள் அணுவை முதன்முதலில் பதிவு செய்ததே இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான்: 1952இல், லேமனும் கட்புஷும். இன்று கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 2023இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதித்தவர்களுக்கு அட்டையும் கொடுக்கிறார்கள். பழங்குடி குடியிருப்பிலிருந்து வருகிறவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்பது உங்கள் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? இந்த நோயாளிக்கு உடம்பில் நீர் குறைந்தாலும், குளிர் தாக்கினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், தொற்று வந்தாலும், பயந்து பதறினாலும் சிவப்பணுக்கள் வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைக்கலாம். பல் ஆஸ்பத்திரியில் இந்த ஐந்தும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு கிளம்பி, பனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, சீழ் கட்டிய பல்லோடு வருவார். வந்தவுடன் உள்ளே உட்கார வைத்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுங்கள். போர்வை கொடுங்கள். வேலையைக் குறுக்கி, வலியில்லாமல் முடியுங்கள். சீழை ஒத்திப்போடாதீர்கள். வலிக்கு முதலில் பாராசிட்டமால். முழு மயக்கம் தேவைப்படும் வேலை என்றால் அவரைப் பார்க்கும் மருத்துவரைக் கலந்துகொண்டு பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். சொத்தையே இல்லாத பல் செத்துப்போவதும், எந்தப் பல்லிலும் கோளாறில்லாமல் தாடை எலும்பு கடுமையாக வலிப்பதும் இந்த நோயில் உண்டு. வலிக்கிறது என்று சொன்ன பக்கத்திலிருந்து நல்ல பல்லை எடுத்துவிட்டால் வலி போகாது. பல் மட்டும் போய்விடும்.

அடைப்பதும் வேர் சிகிச்சையும்

இதைப் பற்றிக் கல்லூரியில் நிறையக் கற்றிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கரண்ட் இல்லாத நாளுக்காக ஏ.ஆர்.டி. முறையைக் கைப்பழக்கமாக்குங்கள்: கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் வைத்து அடைப்பது. மோட்டாரும் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். குழந்தைகளின் சொத்தையை நிறுத்தி வைக்கும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடும், கிளாஸ் அயனோமரும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. சில்வர் பூசிய இடம் கறுத்துப்போகும் என்பதை அம்மாவிடம் பூசுவதற்கு முன்பே சொல்லுங்கள். வேர் சிகிச்சையில் முன்பல்லும் சிறு கடைவாய்ப்பல்லும் பிசகாமல் வந்த பிறகு பெரிய கடைவாய்ப்பல்லுக்குப் போங்கள். ஒரு நாள் கூலியைவிட்டு வருகிறவருக்கு, ஒரே அமர்வில் முடிக்கக்கூடியதை நாலு அமர்வாக இழுக்காதீர்கள்.

குளிர் பொருட்களின் குணத்தையும் மாற்றும். ஜனவரிக் காலையில் காம்போசிட் இறுகிப்போய் சிரிஞ்சிலிருந்து வராது. அயனோமர் மெதுவாக இறுகும். ஆல்ஜினேட்டைக் குழாய்த் தண்ணீரில் கலக்கினால் நோயாளி வாயில் தட்டோடு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். மரத்துப்போகும் ஊசி மருந்தைக் கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றிப் போட்டால் எரிச்சல் குறையும்.

6,000 அடியில் ஆட்டோகிளேவ்

இதைச் சொல்லித்தரும் கல்லூரி குறைவு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நடுவட்டம் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவிகளைக் கொதிக்க வைப்பது சமவெளியிலேயே கிருமிநீக்கம் ஆகாது. மலையில் கேட்கவே வேண்டாம். அடுத்து, பிரஷர் குக்கர் மாதிரியான சாதாரண ஆட்டோகிளேவ். கடல் மட்டத்தில் மீட்டர் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 118 டிகிரிதான் இருக்கும். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு வீதம் கூட்ட வேண்டும் என்பது கணக்கு. 6,000 அடிக்கு மூன்று பவுண்டு, அதாவது மீட்டரில் 18. உங்கள் கருவியின் சேஃப்டி வால்வு அதற்கு இடம்கொடுக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இடம்கொடுக்காவிட்டால் வால்வை நீங்களே மாற்றப் போகாதீர்கள். வெப்பநிலையை நேரடியாக அளந்து ஓடும் இயந்திரத்தை வாங்குங்கள். எந்த இயந்திரமானாலும் ஒவ்வொரு பையிலும் நிறம் மாறும் பட்டையும், வாரம் ஒருமுறை ஸ்போர் பரிசோதனையும் வேண்டும்.

வாய்க்குள் பார்க்கும் பழக்கம்

தோட்டத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும், எந்தப் பல்லுக்காக வந்திருந்தாலும், "வெத்தல பாக்கு போடுவீங்களாம்மா? கூடப் பொகையிலயும் உண்டா?" என்று கேளுங்கள். குரலில் கண்டிப்பு வேண்டாம். குளிரிலும் மழையிலும் நின்று வேலை செய்கிறவரின் பழக்கம் அது. அவருடைய சொந்த விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு இடையே வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை, காரம் சாப்பிட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் பாக்கினால் வரும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். காரணத்தை நீக்கியும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை பயாப்சிக்கு அனுப்புங்கள். பயாப்சியை நீங்களே எடுக்கும் அளவுக்குப் பயிற்சி ஆண்டில் பழகிவிட்டால், ஒரு தொழிலாளிக்கு ஒரு பஸ் பயணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பும் ஃபார்மலின் பாட்டில் அலமாரியில் எப்போதும் இருக்கட்டும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பம் பாஸ் என்ற மையத்தின் வழியாகப் போகும், ஐ.என்.பி.டி.ஈ. தேர்வும், பட்டத்தை மதிப்பிடும் சான்றும், ஆங்கிலத் தேர்வும் வேண்டும். எல்லா ரெசிடென்சிகளும் இந்தியப் பட்டத்தை ஏற்பதில்லை. உரிமத்துக்குப் பல மாநிலங்கள் அங்கே அங்கீகரித்த கல்லூரியின் பட்டத்தையே கேட்கின்றன. அதற்குக் காப்பிட் என்ற இன்னொரு விண்ணப்ப மையத்தின் வழியாக இரண்டு, மூன்று ஆண்டு மேற்படிப்பில் சேர வேண்டும். ரெசிடென்சி முடித்தாலே உரிமம் வந்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னால், எந்த மாநிலம் என்று கேட்டு, அந்த மாநில வாரியத்தின் விதியை நீங்களே படியுங்கள். நம் ஊரிலும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. இறுதித் தேர்வு பற்றிய ஏற்பாடும் அதில் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

ஆண்டு முடியும்போது

தினமும் ஒரு குறிப்பேடு எழுதியிருப்பீர்கள்: என்ன பல், என்ன செய்தேன், எது தவறியது, சீனியர் என்ன சொன்னார். கடைசி மாதத்தில் அதை வைத்துக்கொண்டு சீனியரோடு உட்கார்ந்து, தனியாகச் செய்யலாம், போனில் கேட்டுச் செய்யலாம், அனுப்ப வேண்டும் என்று மூன்று பட்டியல் போடுங்கள். மூன்றாவது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இடத்தை எழுத வேண்டும்: முக எலும்பு முறிவுக்கு ஊட்டியா கோயம்புத்தூரா, புற்றுநோய்க்கு எந்த மருத்துவமனை, அரிவாள் அணு நோயாளிக்குக் கூடலூரில் யாரைக் கேட்பது. அந்த இடங்களுக்கு ஒருமுறை நேரில் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்தக் கிழமை ஓ.பி., காலை எத்தனை மணிக்குச் சீட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வாருங்கள். அனுப்பும் கடிதத்தில் நோயாளியின் மற்ற நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், நீங்கள் கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகிய நான்கும் இருக்கட்டும். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள்.